குடியிருக்கிறவனுக்குப் பத்திரம் எங்கே?

(மயிலாப்பூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வீட்டைப் பற்றியது. அதிலும் சர்க்கார் கட்டிக்கொடுத்த வீட்டில் வாடகைக்கோ தவணைக்கோ குடியிருக்கிற ஜனங்கள் அந்த வீட்டைத் தங்களுக்குச் சொந்தமாக்கிக் கொண்ட கதையைப் பற்றியதும், ஆக்கிக்கொள்ள முடியாமல் திண்டாடுகிற கதையைப் பற்றியதும் ஆகும். "சுயமரியாதைக்காரர்களுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? நீங்கள் சாமியைத் திட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே!" என்று சிலர் கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. ஒருவனைப் பார்த்து மற்றொருவன், "நாளைக்குக் காலையில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போ" என்று சொல்லக்கூடிய நிலைமை இருக்கும் வரையில், அந்த மனிதன் எவ்வளவு பகுத்தறிவு படித்தாலும் சொல்லுகிறவன் எதிரில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க மாட்டான். இடுப்பில்தான் கட்டுவான். சுயமரியாதை என்பது வாயில் மாத்திரம் இருக்கிற சரக்கல்ல. அது நிற்பதற்குக் காலடியில் கொஞ்சம் மண் வேண்டும்.

கிராமத்திலிருந்து வந்திருக்கிற தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதே இல்லை. தஞ்சாவூர் ஜில்லாவிலே பண்ணையாள் குடிசை போட்டிருந்த மனைக்கட்டு யாருடையது? மிராசுதாருடையது. குடிசையின் கீற்றும் மூங்கிலும் ஆளுடையதாக இருக்கலாம். ஆனால் மண் அவனுடையதல்ல. ஆகவே கூலி அரைப்படி கூடக் கேட்டால், அடுத்த ஊரில் வேலைக்குப் போனால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால், ஒரே பதில்தான்: "குடிசையைப் பிரி." அடிமைத்தனத்துக்குச் சங்கிலி எதற்கு? மனைக்கட்டு ஒன்றே போதும். இதைத் தெரிந்துகொண்டுதான் 1920ஆம் வருஷத்தை ஒட்டி இந்த மாகாணத்தில் லேபர் கமிஷனர் என்று ஓர் உத்தியோகஸ்தரைப் போட்டு, ஆதிதிராவிடர்களுக்கு மனைக்கட்டு வாங்கிக் கொடுத்து, கூட்டுறவுச் சங்கம் வைத்து, விலையைத் தவணையாக வசூலித்தார்கள். அதை மிராசுதார்கள் எவ்வளவு எதிர்த்தார்கள் என்பது சரித்திரம். பத்து குழி மனை போய்விடுகிறதே என்று அவர்கள் அழவில்லை. ஆள் போய்விடுகிறானே என்றுதான் அழுதார்கள்.

பிறகு 1961இல் குடியிருப்புக்காரரை வெளியேற்றக் கூடாது என்று ஒரு சட்டமும், 1971இல் குடியிருப்பு மனையை அதில் இருப்பவருக்கே சொந்தமாக்கி மற்றொரு சட்டமும் வந்தன. முதல் சட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். "உன்னை வெளியே தள்ள மாட்டோம்" என்பது ஒன்று. "இது உன்னுடையது" என்பது வேறு. முன்னது தயவு, பின்னது பாத்தியதை. இன்று நாம் பேசப்போவது முழுவதும் இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

நிற்க. பட்டணத்து சங்கதிக்கு வருவோம்.

சென்னைப் பட்டணத்தில் பிறத்தியார் மனையை வாடகைக்கு எடுத்து அதில் சொந்தப் பணத்தில் வீடு கட்டிக்கொண்டவர்கள் ஏராளமானவர்கள் உண்டு. யுத்தத்துக்குப் பிறகு மனை விலை ஏறினதும் மனைக்காரர்கள் இவர்களைக் கிளப்பத் தொடங்கினார்கள். அப்போது ஜஸ்டிஸ் கட்சி மந்திரி சபை நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில்தான் சென்னை நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டம் 1922இன் 3ஆவது சட்டமாக வந்தது. அதன் சாரம் என்னவென்றால், மனைக்காரன் வெளியேற்ற வழக்குப் போட்டால், கட்டிடம் கட்டியிருக்கிற குடிவாரதாரன் கோர்ட்டுக்குப் போய், "இந்த மனையை எனக்கே விலைக்குக் கொடுக்கும்படி உத்தரவிடுங்கள்" என்று கேட்கலாம். விலையைக் கோர்ட்டு நிர்ணயிக்கும் என்பதாகும். குடியிருக்கிறவன் தான் குடியிருக்கும் இடத்தை வாங்குவதற்குச் சட்டத்தில் பாத்தியதை உண்டு என்கிற கொள்கை இந்த ஊரில் நூறு வருஷத்துக்கு முந்தியே எழுதப்பட்டாகிவிட்டது. இது நேற்று யாரோ ஓட்டுக்காகக் கண்டுபிடித்த இலவசமல்ல.

ஆனால் 1996இல் என்ன செய்தார்கள்? அந்தச் சட்டத்தைத் திருத்தி, கோவில், மசூதி, சர்ச்சு முதலிய மத ஸ்தாபனங்களின் நிலத்துக்கு இந்தச் சட்டமே கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள். மனிதன் மனைக்காரனாயிருந்தால் குடிவாரதாரனுக்குப் பாத்தியதை உண்டு. கடவுள் மனைக்காரராயிருந்தால் இல்லை! இதே மயிலாப்பூரில், கபாலீசுவரர் கோவில் நிலத்தில் இருந்த மயிலாப்பூர் கிளப்பு இந்தத் திருத்தம் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய் வழக்காடிற்று. 2005இல் சுப்ரீம் கோர்ட்டு திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

கோவில் சொத்தைப் பெரிய மனிதர்கள் அற்ப வாடகைக்கு அனுபவித்துச் சாப்பிட்டார்கள் என்பது வாஸ்தவம். அந்தக் கொள்ளையைத் தடுக்க வேண்டும் என்றால் நாமும் கையைத் தூக்குவோம். ஆனால் திருத்தம் பெரிய குடிவாரதாரனையும் சின்னக் குடிவாரதாரனையும் பிரித்துப் பார்த்ததா? இல்லை. கிளப்பும் ஒன்று, கால் கிரவுண்டில் ஓட்டு வீடு போட்டிருக்கிற இஸ்திரிக்காரனும் ஒன்று. கிளப்புக்காரர் வக்கீல் வைப்பார், இன்னொரு கட்டிடம் பார்ப்பார். இஸ்திரிக்காரன் எங்கே போவான்? சட்டத்தின் கண்ணில் சாமி ஒரு மைனராம்! எத்தனையோ நூறு வருஷமாக மேஜராகாத மைனர்! மழையில் நனையாத, வெயிலில் காயாத, பிள்ளைகுட்டிக்கு இடம் தேடாத ஒரு மைனருக்கு நிலம் பத்திரமாக இருக்கிறது. மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிற மனிதனுக்குப் பத்திரம் இல்லை.

இனி தியாகராய நகரைப் பாருங்கள். இன்றைக்குத் தங்கமும் பட்டும் விற்கிற அந்த இடம் என்ன? ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் நீண்டு கிடந்த மாம்பலம் ஏரி. 1920இல் டவுன் பிளானிங் சட்டம் வந்து, 1923 முதற்கொண்டு ஏரியைத் தூர்த்து, தெரு போட்டு, பார்க்கு வைத்து, மனை மனையாக விற்றார்கள். நமது தியாகராயர் பேரை ஊருக்கு வைத்தார்கள். பனகல் ராஜா பேரைப் பார்க்குக்கு வைத்தார்கள். நம்முடையவர்கள் காரியம் என்பதால் நாம் மூடி மறைக்கப் போவதில்லை. வாங்கினவர்கள் யார்? வக்கீல்களும், குமாஸ்தாக்களும், பென்ஷன்காரர்களும், பிறகு வியாபாரிகளும். பொதுச் சொத்தைத் தனியார் வீடாக்கினார்கள். கையில் கிரையப் பத்திரம் கொடுத்தார்கள். ஏரியில் வீடு கட்டினீர்களே என்று எவனும் அவர்களைக் கேட்கவில்லை. ஆனால் கூவம் ஓரத்திலும் அடையாறு ஓரத்திலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் குடிசை போட்டவனைப் பார்த்து மாத்திரம், "நீ நீர்நிலையை ஆக்கிரமித்துவிட்டாய்" என்கிறார்கள். தண்ணீருக்குக்கூட ஜாதி தெரியும் போலிருக்கிறது!

அதன் பிறகு சிட்டி இம்புரூவ்மெண்ட் டிரஸ்டு வந்தது. அதன் பெயரால் இன்றும் நந்தனத்துக்குப் பக்கத்தில் சி.ஐ.டி. நகர் இருக்கிறது. அதற்குப் பதிலாக 1961இல் வீட்டு வசதி வாரியம் வந்தது. பெசன்ட் நகர், சாஸ்திரி நகர், பட்டினப்பாக்கம் பக்கமெல்லாம் அது கட்டின வீடுகள்தான். வாரியம் ஜனங்களை நான்காகப் பிரித்தது: உயர் வருவாய், மத்திய வருவாய், குறைந்த வருவாய், அதற்கும் கீழே நலிந்த பிரிவு. மனுதர்மம் பிறப்பைப் பார்த்து நாலு பிரித்தது. இது சம்பளச் சீட்டைப் பார்த்து நாலு பிரித்தது. இதிலாவது ஏறுவதற்கு வழி இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். வாங்கினவர்கள் மாதத் தவணை கட்டினார்கள், கட்டி முடித்ததும் பத்திரம் பதிவு செய்துகொண்டார்கள். பத்திரத்தில் வீட்டோடு நிலத்திலும் பிரிபடாத பங்கு இத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கிறது. இந்த ஒரு வரியின் விலை அப்போது யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்குக் கட்டிடம் பழசானதும், கட்டுமானக் கம்பெனிக்காரன் வாசலில் வந்து நின்று, "உங்கள் பழைய வீட்டுக்குப் பதில் பெரிய வீடு தருகிறேன், கட்டுகிற வரையில் வாடகையும் தருகிறேன்" என்று கெஞ்சுகிறானென்றால், அந்த ஒரு வரிக்காகத்தான். 2022இல் செய்த அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு சொந்தக்காரர் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். சொந்தக்காரர் என்றால் யார்? பத்திரம் உள்ளவர்.

இப்போது அடுத்த தெருவுக்கு வாருங்கள். 1970இல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது; 1971இல் அதற்குச் சட்டம் வந்தது. அந்த வருஷம் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்துச் சட்டப்படி அறிவித்தார்கள். 1985இல் மேலும் 17 சேர்த்தார்கள். "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்பது வாரியத்தின் வாசகம். இறைவனைப் பற்றி நமக்கு அபிப்பிராயம் ஒன்றுமில்லை. ஏழை சிரித்தால் சந்தோஷம். அந்த வாரியம் செய்த காரியத்தைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனம் வராது. சேரியில் தீப்பிடித்து வருஷா வருஷம் வெந்துகொண்டிருந்த ஜனங்களை, அதே இடத்திலே, கடற்கரைக்கும் மார்க்கெட்டுக்கும் பக்கத்திலே, மாடிக் கட்டிடத்தில் ஏற்றி வைத்தது சாமானியமான வேலையல்ல. மாடவீதிக்காரர் ஜன்னலைத் திறந்தால் எதிரே சேரி ஜனங்களும் மாடியில் நிற்பது தெரிந்தது. அதுவே பெரிய பிரசாரம்.

ஆனால் வீட்டை முதலில் வாடகைக்குத்தான் கொடுத்தார்கள். வாடகை சொற்பம், வசூலும் சரியாக நடக்கவில்லை, ரிப்பேருக்குப் பணமில்லை. அப்போது, 1977இல், உலக வங்கி கடன் கொடுத்துக்கொண்டு வந்து ஒரு யோசனை சொல்லிற்று: மாடி கட்டாதே, மனையைக் கொடு, தண்ணீர்க் குழாய் போடு, விலையைத் தவணையாக வாங்கு, சொந்தமாக்கிவிடு. வங்கிக்காரன் ஜனங்களின் மேல் பட்ட தயவினால் சொல்லவில்லை. கடன் திரும்ப வேண்டுமே என்றுதான் சொன்னான். எப்படியானாலும், குடியிருப்பவன் வெறும் வாடகைக்காரனல்ல, தவணை முடித்தால் சொந்தக்காரன் என்கிற ஏற்பாடு அதிலிருந்து பரவிற்று. மாடி வீடுகளுக்கும் தவணை முறை வந்தது.

இங்கேதான் சூது இருக்கிறது. தவணை கட்டினார்கள். ரசீதை டிரங்குப் பெட்டியில் வைத்து, பெட்டி துருப்பிடித்து, ரசீதும் மஞ்சளாகிப் போயிற்று. பத்திரம் எங்கே என்று கேட்டால், "கட்டிடம் வாரியத்தினுடையது, ஆனால் அடியில் இருக்கிற நிலம் இன்னும் எங்கள் பேருக்கு மாறவில்லை" என்கிறார்கள். நிலம் யார் பேரில் இருக்கிறது? ஓரிடத்தில் ரெவினியூ இலாகா, ஓரிடத்தில் கார்ப்பொரேஷன், ஓரிடத்தில் பொதுப்பணி இலாகா. எல்லாம் ஒரே சர்க்கார்தானே! வலது கையிலிருந்து இடது கைக்கு ஒரு காகிதம் மாறுவதற்கு ஐம்பது வருஷமா? மெட்ரோ ரயிலுக்கு வேண்டுமென்றால் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது!

2021இல் வாரியத்தின் பேரைத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். குடிசை என்ற சொல் இழிவு என்று எடுத்தது நல்லதுதான். பேர் மாறின வேகத்தில் பட்டாவும் மாறியிருக்கலாம்.

பத்திரமில்லாததால் என்ன குடி முழுகிப்போயிற்று என்று கேட்கலாம். முழுகிப்போகிறது. 2024 டிசம்பரில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில், வாரியக் குடியிருப்பின் மாடியிலிருந்து ஜன்னல் மேல் சிலாப்பு பெயர்ந்து விழுந்து, கீழே போய்க்கொண்டிருந்த ஓர் இளைஞர் மாண்டுபோனார். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் ஒரு பிளாக்கே சரிந்து விழுந்தது. ஜனங்கள் முன்கூட்டி வெளியே ஓடியதால் உயிர் பிழைத்தார்கள். கடற்கரை உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு விழுவது எல்லோர் வீட்டிலும் உண்டு. ஆனால் ரிப்பேர் யார் செய்வது? குடியிருப்பவர்களைப் பார்த்து, "தவணைக்கு வாங்கினீர்கள், நீங்கள்தான் சொந்தக்காரர்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். சரி, சொந்தக்காரன் என்றால் பத்திரம் கொடு என்றால், "பணம் முழுவதும் தீரவில்லை, நிலம் மாறவில்லை, இன்னும் வாரியம்தான் சொந்தக்காரர்" என்கிறார்கள். செலவுக்கு நீ சொந்தக்காரன். பாத்தியதைக்கு நான் சொந்தக்காரன்! மாட்டுக்குத் தீனி போடுவது உன் முறை, பால் கறப்பது என் முறை என்று பங்கு பிரித்த அண்ணன் தம்பி கதைதான்.

இடித்துக் கட்டும்போது விஷயம் இன்னும் மோசம். பெசன்ட் நகர்க்காரரிடம் கம்பெனிக்காரன் கெஞ்சுகிறான் என்றோமே, இங்கே குடியிருப்பவன்தான் ஆபீசில் போய்க் கெஞ்ச வேண்டும்: "எனக்கும் ஒரு வீடு திரும்பக் கிடைக்குமா? இதே இடத்திலா? நான் எவ்வளவு கட்ட வேண்டும்?" இரண்டு பேரும் தவணை கட்டினவர்கள். இரண்டு பேரும் சர்க்கார் கட்டின வீட்டில் இருக்கிறவர்கள். ஒருவர் தஸ்தாவேஜில் அந்த ஒரு வரி இருக்கிறது; இன்னொருவர் கையில் ஒதுக்கீட்டுச் சீட்டு மாத்திரம் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"பத்திரம் கொடுத்தால் இவர்கள் விற்றுக் குடித்துவிடுவார்களே!" என்று நாகரிகமாகப் பேசுகிறவர்கள் உண்டு. தியாகராய நகரில் மனை வாங்கினவர்களின் பேரன்மார் விற்றார்களா இல்லையா? விற்று அமெரிக்கா போனார்களா இல்லையா? அதற்குப் பெயர் முதலீடு. இவன் மகள் கலியாணத்துக்கோ வைத்தியத்துக்கோ விற்றால் அதற்குப் பெயர் குடியா? விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டதால் விற்காமல் இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. முத்திரைக் காகிதத்தில் எழுதிக் கைமாற்றுகிறார்கள். அதனால் விற்றவனுக்கும் பாதி விலை, வாங்கினவனுக்கும் பாத்தியதை இல்லை, லாபம் தரகனுக்கு.

ஆனாலும் இந்த ஆட்சேபணையில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள இங்கிலாந்தைப் பார்க்க வேண்டும். அங்கே நகரசபைகள் கட்டின லட்சக்கணக்கான வீடுகளில் தொழிலாளிகள் வாடகைக்கு இருந்தார்கள். 1980இல் தாட்சர் அம்மையார் சர்க்கார் சட்டம் போட்டு, மூன்று வருஷம் குடியிருந்தவன் வீட்டை வாங்கலாம், விலையில் 33 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடி என்றார்கள். ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள் விற்றுப்போயின. வாங்கினவன் கதவுக்குப் பிடித்த வர்ணம் அடித்துக்கொண்டான். அவன் சந்தோஷத்தை நாம் பரிகாசம் செய்யவில்லை. ஆனால் விற்ற பணத்தைக்கொண்டு பதிலுக்கு வீடு கட்ட நகரசபைகளைத் தாராளமாக விடவில்லை. கொஞ்ச காலத்தில் அந்த வீடுகளில் கணிசமானவை கைமாறிப் பணக்காரனிடம் போய், அவன் அதையே ஏழைக்கு அதிக வாடகைக்கு விட்டான். ஸ்காட்லாந்தில் 2016இலும் வேல்ஸில் 2019இலும் இந்த விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். அப்பனுக்கு வீடு கிடைத்தது. மகனுக்குக் கட்ட ஆளில்லை.

சிங்கப்பூரைப் பாருங்கள். நம் தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜனங்கள் போய்க் கூலி வேலை செய்த ஊர். 1960இல் வீட்டு வாரியம் ஏற்படுத்தி, 1964 முதல் குடியிருப்போருக்கே விற்க ஆரம்பித்தார்கள். 1968 முதல் தொழிலாளியின் சேமநிதிப் பணத்தையே தவணைக்கு எடுத்துக்கொள்ள விட்டார்கள். இன்று பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் அந்த வாரிய வீட்டில்தான் இருக்கிறார்கள். அங்கேயும் நிலம் சர்க்காருடையது. வாங்குகிறவனுக்கு 99 வருஷ பாத்தியதை. ஆனால் அது எழுத்தில் இருக்கிறது. விற்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம். விற்றுக்கொண்டே மேலும் மேலும் கட்டினார்கள், அதுதான் முக்கியம். அந்த சர்க்காரின் மற்ற காரியங்களெல்லாம் நமக்குப் பிடிக்கும் என்று அர்த்தமல்ல. இதை மாத்திரம் சொல்லுகிறோம்.

நம் ஊரில் இந்த இரண்டு வழியும் இல்லாமல் மூன்றாவது வழி ஒன்று பிடித்தார்கள். 2000 முதல் கண்ணகி நகரில் 15,656 வீடு, பிறகு செம்மஞ்சேரியில், பிறகு பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேல். பட்டணத்துக்குள் இருந்த ஏழையைத் தூக்கிப் பட்டணத்துக்கு வெளியே வைத்து, "உனக்குச் சொந்த வீடு தருகிறோம், சந்தோஷப்படு" என்றார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றுக் கரையிலிருந்து லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாள் பெரும்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து தேய்க்க வேண்டுமானால், அந்தச் சொந்த வீட்டில் அவள் எத்தனை மணி நேரம் இருப்பாள்? ஊருக்கு வெளியே சேரி வைத்த பழைய புத்தி இது. சிமெண்டில் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2022 மே மாதத்தில், இதோ ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது, ஒரு பெரியவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டு இறந்தார். சொந்த வீடு என்ற வார்த்தையில் "சொந்தம்" பாதி, "எங்கே" என்பது பாதி. எங்கே என்பதை விட்டுவிட்டுச் சொந்தத்தை மாத்திரம் கொடுப்பது, வேலை செய்கிற கையை வெட்டிவிட்டு மோதிரம் போடுகிற மாதிரி.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 1929இல் செங்கற்பட்டு மகாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது நாடு முழுதும் சிரித்தது. இந்த மாகாணத்தில் 1989இலும், இந்தியா முழுதும் 2005இலும் அது சட்டமாயிற்று. இன்று வாரிய வீட்டைப் பெண் பேரில் ஒதுக்குகிறார்கள். நல்லது. ஆனால் சீட்டில் இருக்கிற பேர் பத்திரத்தில் மாறிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு. "உனக்கென்ன தெரியும், கையெழுத்தைப் போடு" என்று புருஷனோ மகனோ சொன்னால், படித்துக் காட்டச் சொல்லுங்கள். இதில் புருஷனுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

கடைசியாகச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். கிருத்திகைக்குப் பால்குடம் தூக்குகிற நேரத்தில் வாரிய ஆபீசுக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஒதுக்கீட்டு உத்தரவு, தவணை ரசீது எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். தவணை முடிந்திருந்தால் பாக்கியில்லை என்று எழுதி வாங்குங்கள். சீட்டில் பேர் உள்ளவர் இறந்துபோயிருந்தால், தாலுக்கா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பேர் மாற்ற மனுக் கொடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் அண்ணன் தம்பி சண்டையில் வீடு போய்விடும். உங்கள் கட்டிடத்தின் அடி நிலம் எந்த சர்வே நம்பர், எந்த இலாகா பேரில் இருக்கிறது என்று 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள்; 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பதில் வந்ததும் தனித்தனியாகப் போகாதீர்கள். ஒரு பிளாக்கில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே மனுவாகப் போடுங்கள். பத்திரம் கொடுப்பதாகச் சொன்னால், நிலத்தில் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இடித்துக் கட்டுவதாகச் சொன்னால், இதே இடத்தில் இதே ஆளுக்கு என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகு சாவியைக் கொடுங்கள்.

மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க இரண்டு தோழர்கள் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கூலி கிடையாது. ரசீதுகளை மாத்திரம் மறக்காமல் கொண்டு வாருங்கள்.